ஓடாத பழைய கம்ப்யூட்டரை எதற்காக ரிப்பேர் பார்க்க வேண்டும்?

போன வருஷம் லீவுக்கு வந்த சித்தப்பா மகன், பெட்டியில் சாக்லேட்டுக்கு அடியில் ஒரு பழுப்பு நிற கீபோர்டை வைத்துக் கொண்டுவந்தான். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை போடுவார்களாம், அங்கே வாங்கியது. “அண்ணா, ஓடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. உங்களுக்குப் புடிக்குமேன்னு எடுத்துட்டு வந்தேன்” என்றான். கீபோர்டு மாதிரி இருந்தாலும் அது கீபோர்டு அல்ல, முழுக் கம்ப்யூட்டர். கொமடோர் 64. 1982-ல் வெளிவந்து, உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்ற மெஷின்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். அந்த மெஷினை லேபுக்கு எடுத்துப் போனதும் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “சார், ஐந்நூறு ரூபாய் சிப்பு இதைவிட ஆயிரம் மடங்கு வேலை செய்யுது. இத ஓட வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

நியாயமான கேள்விதான். ஓட வைத்து ஒன்றும் பண்ணப் போவதில்லை. ஆனால் அதை ஓட வைப்பதற்குள் மூன்று மாணவர்களும் நானும் கற்றுக்கொண்டதை, இருபது வருஷமாக நான் நடத்தும் லேபில் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்ம லேபைப் பற்றி

டிப்ளமோவோ பி.இ.யோ படித்தவர்களுக்கு இது தெரியும். லேபில் ஒரு சர்க்யூட் கொடுப்பார்கள். போர்டில் ஒயர் குத்தி, சப்ளை போட்டு, ரீடிங் எடுத்து, அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, பிறகு ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். சர்க்யூட் ஓடவில்லை என்றால்? பக்கத்து டேபிள் ரீடிங்கைப் பார்த்து எழுதலாம். அல்லது சீனியரின் ரெக்கார்டு நோட்டு இருக்கவே இருக்கிறது. லேப் அசிஸ்டென்ட் நல்லவராக இருந்தால் வந்து ஐசியை மாற்றிக் கொடுப்பார், ஓடிவிடும். எந்த ஐசி, ஏன் போச்சு என்று யாரும் கேட்பதில்லை. பத்து எக்ஸ்பெரிமென்டை முடித்தாக வேண்டும், நேரம் கிடையாது.

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்வது தப்பு. ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்டுக்கும் சரியான விடை ஏற்கெனவே இருக்கிறது. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்த விடைக்கு ரீடிங்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் லேப். பழுது என்பது நம் லேபில் ஓர் இடைஞ்சல். வேலை கிடைத்துப் போன பிறகோ, முதல் நாளிலிருந்தே அவர்கள் கையில் வருவது பழுது மட்டும்தான். நன்றாக ஓடுகிற மெஷினைப் பார்க்க ஆள் எடுப்பார்களா?

ஏன் பழைய மெஷின்?

பழுது பார்க்கத்தான் பழக வேண்டும் என்றால் புது லேப்டாப்பை எடுக்கலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம். ஆனால் அதில் ஒரு ஐசிக்கு நூற்றுக்கணக்கில் கால்கள், அத்தனையும் வயிற்றுக்கு அடியில். உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரே ஆள் முழுசாகப் புரிந்துகொள்ள வழியில்லை. ‘போர்டு போச்சு, மாத்துங்க’ என்பதோடு கதை முடிந்துவிடும்.

கொமடோர் 64 அப்படி இல்லை. உள்ளே இருக்கும் பெரிய ஐசிக்களைக் கை விரலில் எண்ணலாம். 6510 என்ற பிராசசர். அதன் கடிகாரம் நொடிக்குச் சுமார் பத்து லட்சம் முறைதான் துடிக்கிறது, நம் கல்லூரியின் பழைய சிஆர்ஓவிலேயே தெளிவாகப் பார்க்கலாம். படம் வரைய ஒரு ஐசி, ஒலிக்கு ஒரு ஐசி, கீபோர்டு முதலான வெளித் தொடர்புக்கு இரண்டு, ரோம் மூன்று, ராம் எட்டு. இவர்களுக்கு நடுவே போக்குவரத்து போலீஸ் மாதிரி பிஎல்ஏ என்று ஒன்று. பிராசசர் ஒரு முகவரியைக் கேட்டால், அதற்கு ராம் பதில் சொல்ல வேண்டுமா, ரோம் சொல்ல வேண்டுமா என்று முடிவு செய்வது அது. ஒவ்வொரு காலும் கண்ணுக்குத் தெரியும், மல்டிமீட்டர் முனைக்கு எட்டும்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்த மெஷினுக்காகக் கம்பெனியே புரோகிராமர்களுக்கான வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை 1982-ல் போட்டது. அதன் கடைசியில் மெஷினின் முழு சர்க்யூட் வரைபடமும் இருக்கிறது! கடையில் காசு கொடுத்து வாங்குகிற யாரும் பார்க்கலாம். 1978-ல் வந்த ஆப்பிள் 2 கையேட்டிலும் சர்க்யூட் வரைபடம், ரோமில் இருக்கும் புரோகிராம் எல்லாம் அச்சடித்தே கொடுத்தார்கள். வாங்கியவன் திறந்து பார்ப்பான், பார்க்கட்டும் என்ற நினைப்பு அன்றைக்கு இருந்திருக்கிறது. இன்றைக்கு உங்கள் போனுடன் அப்படி ஒரு தாள் வருகிறதா?

சரி, மெஷினுக்கு வருவோம்.

ஆன் பண்ணாதே!

பழைய மெஷின் கையில் கிடைத்தால் யாருக்கும் முதலில் வரும் ஆசை, பிளக்கைச் சொருகி ஆன் பண்ணிப் பார்ப்பது. அதைத்தான் பண்ணக் கூடாது. கொமடோரின் பவர் சப்ளை தனியாக ஒரு கருப்புச் செங்கல் மாதிரி வரும். உள்ளே ரெசின் ஊற்றி மூடியிருப்பதால் திறந்து பார்க்கவும் முடியாது. அதிலிருந்து இரண்டு சப்ளை: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. வயதானால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் பழுதாகி, 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கூடுதலாக வரும். மெஷினுக்குள் அதைத் தடுக்க எதுவும் கிடையாது, நேரே ராமுக்கும் பிராசசருக்கும் போய்விடும்.

மெஷினில் சொருகாமல் தனியாக அளந்தோம். 7 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. அந்த ஐசிக்கள் தாங்கக்கூடியது ஐந்தேகால் வரைதான்.

மாணவர்களிடம் கேட்டேன்: “இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?” ஒருவன் சொன்னான், “சப்ளை போச்சு சார்.” மாணவி ஒருத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, “சப்ளை போனது தெரியாம யாரோ ஆன் பண்ணியிருக்காங்க சார். அதனாலதான் மெஷினும் போயிருக்கும்” என்றாள். மெஷினைத் திறக்கும் முன்பே அதன் சாவுக் கதையில் பாதி கிடைத்துவிட்டது. டாக்டர் நாடி பிடிக்கும் முன் ‘நேத்து என்ன சாப்பிட்டீங்க’ என்று கேட்பது போலத்தான் இதுவும்.

9 வோல்ட் தரும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், தனியாக ஒரு நல்ல 5 வோல்ட் அடாப்டர், இரண்டையும் பெட்டிக்குள் வைத்து ஃபியூஸ் போட்டு மாற்று சப்ளை செய்தோம். இப்போது ஆன் செய்தால், கருப்புத் திரை.

கருப்பிலும் ரெண்டு விதம் இருக்கிறது. ஏவி கேபிளைக் கழற்றினால் எங்கள் லேப் டிவி ‘சிக்னல் இல்லை’ என்று நீலமாகக் காட்டும். மெஷினை ஆன் செய்தபோது அந்த நீலம் மறைந்து கருப்பானது. அப்படியென்றால் ஏதோ சிக்னல் வருகிறது! படம் வரையும் ஐசியும் அதற்கான கடிகாரமும் உயிரோடு இருக்கின்றன, வரையச் சொல்லி யாரும் உத்தரவு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதாவது சந்தேகம் பிராசசர் பக்கம் போகிறது. கருப்பைப் பார்த்து இவ்வளவு சொல்லலாம் என்று அதுவரை எனக்கே தோன்றியதில்லை.

நான் செய்த தப்பு

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கருப்புத் திரை என்றால் பிஎல்ஏ போயிருக்கும் என்று இந்த மெஷினைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். அது சூடாகும் ஐசி, அடிக்கடி போகும் என்பது உண்மைதான். நானும் படித்திருந்தேன். ஆசிரியர் அல்லவா, மாணவர்கள் முன் ‘இதுதான்’ என்று சொல்லிவிட்டேன். மாற்று பிஎல்ஏ வரவழைத்தேன். எங்கள் போர்டில் அது சாக்கெட்டில் இல்லை, நேரடியாகச் சால்டர் செய்திருந்தது. 28 கால். பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கும்போது ஒரு காலோடு சேர்ந்து செம்பு டிராக்கும் பிய்ந்து வந்துவிட்டது.

சாக்கெட் வைத்து, பிய்ந்த டிராக்குக்கு மெல்லிய ஒயர் இழுத்து, புது பிஎல்ஏவைப் போட்டு ஆன் செய்தோம்.

கருப்பு.

லேபில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அதே மாணவி மெதுவாகக் கேட்டாள்: “சார், பிஎல்ஏதான்னு நமக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது. ஊர் சொன்னது, நான் நம்பினேன். ரெண்டு வாரம், ஒரு ஐசியின் காசு, ஒரு டிராக் போனது. என் மானத்தை விட்டுவிடுங்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் ஒன்று நடந்தது. பையன்கள் முதல்முறையாக, சாருக்கும் விடை தெரியாது என்பதைப் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் போர்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். லேபில் இதை எந்த சிலபஸாலும் கொண்டுவர முடியாது.

பிறகு ஒழுங்காக, வரிசையாகப் போனோம். ஐசிகளின் காலில் 5 வோல்ட் இருக்கிறதா? இருக்கிறது. ரீசெட் கால் ஆன் செய்ததும் கொஞ்ச நேரம் கீழே இருந்துவிட்டு மேலே போகிறதா? போகிறது. கடிகாரம்? சிஆர்ஓவில் அழகாகத் தெரிகிறது. பிராசசரின் முகவரிக் கால்களில் துடிப்பு இருக்கிறதா? இருக்கிறது. ஆக, பிராசசர் ஓடுகிறது. ஆனால் எங்கோ வழி தவறி ஓடிக்கொண்டிருக்கிறது.

எட்டில் ஒன்று

கொமடோரின் சர்வீஸ் ஆட்களுக்காக ‘டெட் டெஸ்ட்’ என்று ஒரு கார்ட்ரிட்ஜ் அந்தக் காலத்திலேயே இருந்தது. அதில் இருக்கும் 8 கேபி புரோகிராமை நாமே ஈப்ராமில் எழுதிப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் லேப் அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஈப்ராம் புரோகிராமருக்குப் பல வருஷம் கழித்து வேலை வந்தது. இந்த கார்ட்ரிட்ஜின் சாமர்த்தியம் என்னவென்றால், மெஷினின் சொந்த ரோமை ஒதுக்கிவிட்டுத் தானே பிராசசருக்கு உத்தரவு கொடுக்கும். அதுவும் ராமை நம்பாமலே வேலை செய்யும். ராமில் கோளாறு என்றால் திரை மின்னும். எத்தனை முறை மின்னுகிறதோ, அதை வைத்து எந்த ஐசி என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு முறை மின்னியது. அணைத்து மறுபடி போட்டோம். மறுபடி நான்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த கார்ட்ரிட்ஜ் ஓடுவதற்கே பிஎல்ஏ ஒழுங்காக இருக்க வேண்டும். நாங்கள் கழற்றிய பழைய பிஎல்ஏவைச் சாக்கெட்டில் திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஜம்மென்று ஓடியது. அதாவது, இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் அந்த ஐசியைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

மாணவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம். ராமில் எட்டு ஐசி, அதில் ஒன்றுதான் போயிருக்கிறது. மீதி ஏழு நன்றாக இருக்கும்போது மெஷின் ஏன் மொத்தமாகப் படுத்துவிட வேண்டும்? எட்டில் ஒரு பங்கு மெமரி குறைந்தால் போதாதா?

போதாது. இந்த ராம் ஐசி ஒவ்வொன்றும் 64 கிலோபிட் கொண்டது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். முதல் பிட் முதல் ஐசியில், இரண்டாவது பிட் இரண்டாவது ஐசியில் என்று ஒவ்வொரு பைட்டும் எட்டு ஐசிகளுக்கும் பிரிந்து போய் உட்காருகிறது. ஒன்று போனால் 65,536 பைட்டிலும் ஒவ்வொரு பிட் தப்பு. பிராசசர் ஒரு வேலைக்கு வேறு இடத்துக்குப் போகும்போது, திரும்பி வர வேண்டிய முகவரியை ராமில் எழுதி வைத்துவிட்டுத்தான் போகும். வேலை முடிந்து திரும்பும்போது அந்த நம்பரில் ஓர் இலக்கம் மாறியிருந்தால்? வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டும். அங்கிருந்து இன்னொரு வீடு. சிஆர்ஓவில் நாங்கள் பார்த்த துடிப்பெல்லாம் அந்த அலைச்சல்தான்.

இதே விஷயத்தை நான் வகுப்பில் ‘மெமரி ஆர்கனைசேஷன்’ என்ற தலைப்பில் வருஷா வருஷம் நடத்துகிறேன். பதிமூன்று மார்க் கேள்வி. படம் வரைந்து மார்க்கும் வாங்குகிறார்கள். அன்றைக்கு அந்தப் பையன் ‘ஓ…’ என்று இழுத்த மாதிரி வகுப்பில் யாரும் இழுத்ததில்லை.

30,719

ராம் ஐசி பழசு என்றாலும் இன்னும் கிடைக்கிறது. மாற்றினோம். இந்த முறை பையன்களே கழற்றினார்கள். காலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டு, பிறகு துளைகளைச் சுத்தம் செய்தார்கள். டிராக் எதுவும் பிய்யவில்லை. ஆன் செய்தால், நீலத் திரை! கொமடோர் 64 பேசிக் என்ற தலைப்பு, அதன் கீழே எத்தனை பைட் காலியாக இருக்கிறது என்ற வரி.

கைதட்டலுக்கு நடுவே ஒருவன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். “சார், 38,911 பைட்னு வரணும். நமக்கு 30,719னு வருது.”

ஓடுகிறதே, விடுடா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை சொல்லவில்லை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? மெஷின் ஆன் ஆனதும் ராமைக் கீழிருந்து மேலாக எழுதிப் படித்துச் சோதிக்கும். எழுதியது திரும்ப வராத முதல் இடத்தில் நின்றுவிட்டு, ‘இதுதான் எல்லை’ என்று வைத்துக்கொள்ளும். சரியான மெஷினில் இந்த எல்லை 40,960. பேசிக் புரோகிராம் தொடங்கும் இடம் 2,049. கழித்தால் 38,911. எங்கள் மெஷினில் 30,719-உடன் 2,049-ஐக் கூட்டினால் 32,768. சரியாக 64 கேபியில் பாதி!

“இன்னொரு ராம் ஐசியும் பாதி போயிருக்கு சார்” என்று ஒருவன் முடிவே கட்டிவிட்டான். முந்தைய தடவை நான் செய்ததுதான் இது. இந்த முறை கேள்வி அவர்களுக்குள்ளேயே வந்தது: எப்படித் தெரியும்? மாணவி சொன்ன யோசனை இது. ஒரு ஐசி போயிருந்தால் ஒரு பிட்தான் தப்பாக வர வேண்டும், மீதி ஏழும் சரியாக இருக்க வேண்டும். அப்படியென்றால் 32,768-ல் 85 என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கலாம். பேசிக்கில் ரெண்டு வரி. எழுதினோம், படித்தோம். 85-க்குச் சம்பந்தமே இல்லாத எண். மறுபடி படித்தால் வேறொரு எண். ஒரு பிட் தப்பு இல்லை, எல்லாமே தப்பு. அங்கே ராமே பதில் சொல்லவில்லை!

ராம் நல்லா இருக்கிறது. ஆனால் கேட்கும்போது அது வாயைத் திறக்கவில்லை. யார் அதன் வாயை மூடுவது? புத்தகத்தின் மெமரி வரைபடத்தைப் பார்த்தால், கேம் கார்ட்ரிட்ஜ் சொருகினால் அது உட்காரும் இடம் 32,768-லிருந்து தொடங்குகிறது. கார்ட்ரிட்ஜ் சொருகியிருப்பதாக மெஷினுக்குச் சொல்ல ஒரு கால் இருக்கிறது. அது கிரவுண்டோடு சேர்ந்தால், ‘கார்ட்ரிட்ஜ் வந்தாச்சு, ராமே நீ ஒதுங்கு’ என்று பிஎல்ஏ சொல்லிவிடும். எங்கள் மெஷினில் எந்தக் கார்ட்ரிட்ஜும் இல்லை. அந்தக் காலையும் கிரவுண்டையும் மல்டிமீட்டரில் வைத்தோம். பீப்.

போர்டைத் திருப்பி லென்ஸில் பார்த்தால், கடுகில் பாதி அளவு ஈயத் துளி ஒன்று கார்ட்ரிட்ஜ் இணைப்பின் அடியில் ஒட்டியிருந்தது. டெட் டெஸ்ட் ஓடியபோது அது அங்கே இருந்திருக்க முடியாது, இருந்தால் அந்தச் சோதனையே ஓடியிருக்காது. ஆக, ராம் ஐசியைக் கழற்றும்போது தெறித்தது. நாங்களே செய்த பழுது. ஊசியால் தட்டிவிட்டு ஆன் செய்தோம். 38,911.

அந்த எண்ணைப் போன் கேமராவில் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் எல்லாம் ஏதோ சம்பள நம்பர் என்று நினைத்தார்களாம்!

இது வேலைக்கு உதவுமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது, தட்டிக்கழிக்க முடியாது. 6510 தெரிந்தவனுக்கு இன்றைக்கு யாரும் வேலை தரப் போவதில்லை. ரெட்ரோ மோகம் என்று கிண்டல் செய்பவர்களிடமும் பாதி நியாயம் இருக்கிறது. பழைய மெஷின்களைச் சேர்ப்பது பல ஊர்களில் காசுள்ளவர்களின் பொழுதுபோக்காகிவிட்டது.

ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செல்போன் சர்வீஸ் செய்பவரின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். போனை பேட்டரியில் போடாமல் சப்ளையில் போடுவார். ஸ்விட்சை அழுத்தும் முன்பே கரண்ட் இழுக்கிறதா, அழுத்திய பிறகு எவ்வளவு இழுத்து எங்கே நிற்கிறது என்று முள்ளைப் பார்ப்பார். அதை வைத்தே பழுது எந்தப் பக்கம் என்று பாதி சொல்லிவிடுவார். பிறகு மல்டிமீட்டரை டையோடு மோடில் வைத்து ஒவ்வொரு லைனாக, நல்ல போர்டின் ரீடிங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நாங்கள் மூன்று மாதத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றதும் அதே முறைதான். வித்தியாசம், அவர் அதை ஓர் உஸ்தாத்திடம் நின்று பழகினார், நம் மாணவர்களுக்கு அந்த வாய்ப்பைப் படிப்பு தரவில்லை. டிகிரி இல்லாதவருக்குத் தெரிந்த ஒன்று டிகிரி வாங்கியவனுக்குத் தெரியாமல் போவதில் எனக்கு வெட்கம் உண்டு.

பழைய கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் நடத்துவது புது யோசனையும் அல்ல. இங்கிலாந்தில் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1951-ல் ஓட ஆரம்பித்த டெகட்ரான் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. ஒரு பெருக்கலுக்குச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும் ஆமை. சில வருஷங்களில் அது அவர்களுக்குப் பழசாகிவிட்டது. உடைத்துப் போடாமல் ஒரு போட்டி வைத்தார்கள்: யார் இதை நன்றாகப் பயன்படுத்துவீர்களோ, அந்தக் கல்லூரிக்கு. 1957-ல் வுல்வர்ஹாம்ப்டன் தொழில்நுட்பக் கல்லூரி ஜெயித்து வாங்கிப் போனது. 1973 வரை மாணவர்கள் அதில் படித்தார்கள். பிறகு அருங்காட்சியகம், கிடங்கு என்று சுற்றி, பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டிங் அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள் 2009-ல் கையில் எடுத்து, 2012 நவம்பரில் மறுபடி ஓட வைத்தார்கள். பழசு என்று கழித்த மெஷினைப் போட்டி வைத்துக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

எச்சரிக்கையும் வேண்டும்

ஆர்வத்தில் எல்லாப் பழசையும் திறந்துவிடக் கூடாது. பழைய குண்டு மானிட்டரின் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். அதை முதல் வருஷப் பிள்ளைகளிடம் கொடுக்கவே மாட்டேன். மெயின்ஸ் நேரடியாக வரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியும் அப்படித்தான். 386, 486 காலத்து பிசி போர்டு கிடைத்தால், அதில் பீப்பாய் மாதிரி ஒரு குட்டி பேட்டரி சால்டர் செய்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பெரும்பாலும் கசிந்து, பச்சையாகப் பூத்து, பக்கத்து டிராக்குகளைத் தின்றிருக்கும். கசிவது காரம் என்பதால் வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி எதற்கு என்று கேட்டவனுக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. பழைய சால்டரில் ஈயம் இருக்கிறது. வேலை முடிந்து கையைக் கழுவாமல் டீக்குப் போகக் கூடாது.

ஜெர்மனிக்குப் போக வேண்டாம்

எல்லாக் கல்லூரியும் கொமடோர் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு உள்ள எந்தக் கல்லூரியின் ஸ்டோர் ரூமையும் திறந்து பாருங்கள், 8085 டிரெய்னர் கிட் கிடக்கும். நீல அல்லது மரப் பெட்டி, ஆறு எழுத்துச் சிவப்பு டிஸ்ப்ளே, தேய்ந்த கீபேட். 8085 வந்தது 1976-ல். அதைச் சுற்றி 8255, 8279, ஒரு ராம், ஓர் ஈப்ராம். அதுவும் ஒரு முழுக் கம்ப்யூட்டர்தான், நாம்தான் அதை அப்படிப் பார்ப்பதில்லை. ஓடும்வரை இரண்டு எண்களைக் கூட்டும் புரோகிராம் போட்டோம். ஓடாவிட்டால் அலமாரியின் மேல் தட்டு. கடைசியில் ‘கண்டம்’ லிஸ்ட்.

அந்த லிஸ்ட்டில்தான் என் வழக்கு. மின்கழிவை இஷ்டத்துக்குத் தூக்கிப் போட முடியாது என்பது சரி. 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மத்திய அரசின் மின்கழிவு விதிகள்படி அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் போக வேண்டும். போகட்டும். ஆனால் போவதற்கு முன் ஒரு வருஷம் பிள்ளைகள் கையில் இருந்துவிட்டுப் போகக் கூடாதா? ஓடாத பத்து கிட், ஆளுக்கொரு மல்டிமீட்டர், சர்க்யூட் வரைபடம். விடை யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். கண்டுபிடித்தால் மட்டுமல்ல, எதையெல்லாம் சோதித்து எதையெல்லாம் ஒதுக்கினாய் என்று வரிசையாக எழுதினாலே மார்க். அந்த நோட்டை சீனியரிடம் காப்பி அடிக்க முடியாது, ஒவ்வொரு கிட்டுக்கும் ஒவ்வொரு வியாதி.

மத்திய அரசு 2022-ல் ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காக ஒரு குழு போட்டது. கம்பெனிகள் உதிரி பாகமும் கையேடும் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து சூடு பிடித்தது. கொடுக்கட்டும், சந்தோஷம். அந்தக் கையேட்டைப் படித்துப் பழுது கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் எத்தனை பேரை நாம் தயார் செய்திருக்கிறோம் என்று மட்டும் நான் கேட்கிறேன்.

எங்கள் ஸ்டோரில் இப்போது பதினான்கு கிட் கண்டம் லிஸ்ட்டில் இருக்கின்றன. பத்தை மட்டும் லிஸ்ட்டிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ‘ஓடாதது, ஓடாமலே பயன்பாட்டில்’ என்று எழுத அனுமதி இல்லையாம், எந்தக் காலத்தில் போடுவது என்று ஆபீஸில் கேட்கிறார்கள். அதற்கிடையில் அந்த மாணவி ஒரு கிட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். டிஸ்ப்ளேயில் ஆறு எழுத்திலும் நடுக்கோடு மட்டும் எரியவில்லை. ஆறிலும் ஒரே கோடு என்றால் டிஸ்ப்ளேயில் இருக்காது, அதற்கு முன்னால்தான் இருக்க வேண்டும் என்று நேற்று வரைக்கும் வந்திருக்கிறாள். 8279-ஆ, அதற்கடுத்த டிரைவரா என்று இன்னும் தெரியவில்லை.